கிறிஸ்தவ வாழ்வில் கூட்டும் உறவும்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிறு பூசை முடிந்து வாசலில் நிற்கும்போதும், அயல் வீடுகள் சேர்ந்து செபிக்கும் அன்பியக் கூட்டத்தில் தேத்தண்ணி குடிக்கும்போதும், இளைஞர் கூடுகையிலும் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகள் இவை. இந்த நகரத்தில் கத்தோலிக்கர், மெதடிஸ்தர், அங்கிலிக்கர், பெந்தெகொஸ்தே சபையார் எல்லாரும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறோம். பூசை, ஆராதனை, பங்கு, சபை என்று சொற்கள் வீட்டுக்கு வீடு மாறும். நான் கலந்தே எழுதியிருக்கிறேன், குறை நினைக்க வேண்டாம்.

வீட்டிலேயே செபிக்கிறேன், வேதாகமம் வாசிக்கிறேன். அது போதாதா?

செபிப்பதற்குப் போதும். கிறிஸ்தவராக வாழ்வதற்குப் போதாது என்றுதான் நினைக்கிறேன். புதிய ஏற்பாட்டில் உள்ள கட்டளைகளைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள்: ஒருவரையொருவர் அன்புசெய்யுங்கள், ஒருவரையொருவர் மன்னியுங்கள், ஒருவர் பாரத்தை ஒருவர் சுமங்கள், முறுமுறுக்காமல் உபசரியுங்கள். இவற்றில் எதை அறைக்கதவைச் சாத்திக்கொண்டு செய்து முடிப்பது? மன்னிக்க வேண்டுமென்றால் முதலில் யாராவது நம்மை நோகடித்திருக்க வேண்டும். அதற்கே ஆள் தேவை.

நாலாம் நூற்றாண்டில் கப்பதோக்கியாவில் வாழ்ந்த புனித பசிலியார் துறவிகளுக்கு ஒழுங்குகள் எழுதியபோது இதே கேள்வியைச் சந்தித்தார். தனிமையில் தவம் செய்வதுதான் உயர்ந்தது என்று பலர் நினைத்த காலம் அது. ஆண்டவர் சீடர்களின் காலைக் கழுவினார், நீ தனியாக இருந்தால் யாருடைய காலைக் கழுவுவாய் என்று அவர் திருப்பிக் கேட்டார். இதற்கு நல்ல மறுமொழி சொன்னவர் யாரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. வீட்டில் எந்த வசனத்தை வாசிப்பது, யாரை நினைத்து மன்றாடுவது எல்லாம் நம் விருப்பம். கோவிலில் பக்கத்து வாங்கில் யார் வந்து இருப்பார் என்பது நம் கையில் இல்லை. நாம் தேர்ந்தெடுக்காத ஆட்களோடு பழகிப் பழகித்தான் விசுவாசம் உருவம் பெறுகிறது என்பது என் எண்ணம். கீழே வருகிற பதில்களில் பாதிக்கு மேல் இதையே சுற்றித்தான் வரும்.

இயேசுவே தனியாக மலைக்குப் போய்த்தானே செபித்தார்?

போனார், ஆனால் திரும்பி வந்தார். அதிகாலையில் இருட்டோடே எழுந்து தனி இடத்துக்குப் போனதாக மாற்கு முதல் அதிகாரத்திலேயே எழுதுகிறார். கொஞ்ச நேரத்தில் சீமோனும் கூட இருந்தவர்களும் தேடி வந்துவிடுகிறார்கள். அவர் உடனே அடுத்த ஊர்களுக்குப் புறப்படுகிறார். பன்னிரண்டு பேரை அழைத்தபோதும் முதல் காரணமாகச் சொல்லப்பட்டது அவர்கள் தம்மோடு இருக்க வேண்டும் என்பது. பிரசங்கிக்க அனுப்புவதெல்லாம் அதற்குப் பிறகு.

கெத்செமனியில் இன்னும் தெளிவாகத் தெரியும். மரண துக்கம் வந்த இரவில் பேதுருவையும் யாக்கோபையும் யோவானையும் கூட்டிக்கொண்டு போய், தம்மோடு விழித்திருக்கும்படி கேட்டார். அவர்கள் நித்திரை கொண்டுவிட்டார்கள். கேட்டும் கிடைக்காத ஏமாற்றம் அவருக்கும் இருந்தது. கூட்டு வாழ்க்கை எப்போதும் இனிக்கும் என்று யாராவது பிரசங்கித்தால் இந்தப் பகுதியை வாசித்துக் காட்டுங்கள்.

ஆதித் திருச்சபையில் எல்லாரும் ஒற்றுமையாக இருந்தார்களாமே? இப்போது ஏன் அப்படி இல்லை?

அப்போஸ்தலர் பணி இரண்டாம் அதிகாரத்தோடு புத்தகத்தை மூடிவிட்டால் அப்படித்தான் தோன்றும். ஆறாம் அதிகாரத்துக்கு வாருங்கள். கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடச் சாப்பாட்டுப் பங்கீட்டில் கவனிக்கப்படவில்லை என்று முறுமுறுப்பு எழுந்தது. மொழியும் சாப்பாடும் சேர்ந்த பிரச்சினை; கிழக்கு மாகாணத்தில் இருக்கிற நமக்கு இதை விளக்கவே தேவையில்லை.

அவர்கள் என்ன செய்தார்கள் என்பது முக்கியம். முறைப்பாடு சொன்னவர்களை அடக்கவில்லை. ஏழு பேரைத் தெரிவுசெய்து பந்தியைப் பார்க்கும் பொறுப்பைக் கொடுத்தார்கள். ஏழு பேருடைய பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். அநீதி நடந்ததாகச் சொன்ன தரப்பின் கையிலேயே அகப்பையைக் கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது! நம்முடைய பங்குச் சபைகளில் இந்தத் துணிவு அரிதுதான்.

கொரிந்தில் நிலைமை இன்னும் மோசம். வசதியானவர்கள் முதலில் வந்து சாப்பிட்டுக் குடித்துவிட, பிந்தி வந்த ஏழைகள் பசியோடு நின்றார்கள். ஆண்டவருடைய பந்தியின் பெயரிலேயே இது நடந்தது. பவுல் அதைக் கடுமையாகக் கண்டித்தார், ஆனால் கூடுவதை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்றார்.

வேலை மாற்றமாகி இங்கே வந்திருக்கிறேன். பூசைக்குப் போய் வருகிறேன், ஆனால் ஒருவரையும் தெரியாது.

அரச உத்தியோகத்தர், ஆசிரியர், வளாகத்து மாணவர், வங்கி ஊழியர் என்று வந்து போகிறவர்கள் நிறைந்த ஊர் இது. அதனால் ஊர்க்காரருக்குப் புதுமுகம் பழகிப்போய்விட்டது. இவரும் இரண்டு வருடத்தில் போய்விடுவார் என்று சும்மா இருந்துவிடுவார்கள். இது நம் பக்கத்துக் குறை.

உங்கள் பக்கத்தில் செய்யக்கூடியது: ஒரே பூசைக்கு, ஒரே பக்கத்து வாங்குக்கு வாருங்கள். முகம் பதியும். முடிந்ததும் உடனே மோட்டார் சைக்கிளை எடுக்காமல் கொஞ்ச நேரம் நில்லுங்கள். அப்புறம் ஏதாவது ஒரு வேலை கேளுங்கள். கதிரை அடுக்குவது, பாட்டுப் புத்தகம் கொடுப்பது, திருவிழாவுக்குத் தோரணம் கட்டுவது எதுவென்றாலும் சரி. வெறுங்கையோடு நிற்பவரிடம் கதைக்கக் கூச்சப்படுகிற சனம், கூட நின்று வேலை செய்பவரிடம் தானாகக் கதைக்கும். கொடியேற்றத்துக்கு முந்திய வாரம் வந்தால் இன்னும் நல்லது. அந்த நாட்களில் வேண்டாம் என்று சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.

கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லாரோடும் சிரித்துக் கதைப்பதுதான் கூட்டு வாழ்வு என்றில்லை. இரண்டு மூன்று பேர் உங்களை உண்மையாகத் தெரிந்திருந்தால் போதும். ரோமர் கடைசி அதிகாரத்தில் பவுல் பெயர் சொல்லி வாழ்த்துகிற வரிசையைப் பாருங்கள். ரூபுவின் தாயைத் தனக்கும் தாய் என்கிறார். ஊர் ஊராக அலைந்த மனிதருக்கு எங்கோ ஒரு வீட்டில் ஒரு அம்மா சோறு போட்டிருக்கிறார் என்றுதான் நான் விளங்கிக்கொள்கிறேன்.

அன்பியம், வகுப்புக் கூட்டம், செல் குழு என்கிறார்களே. ஞாயிறு கூடுவது போதாதா?

ஞாயிறு கூட்டத்தில் ஒருவர் மூன்று கிழமை வராவிட்டாலும் தெரியாமல் போகலாம். பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிற இடத்தில் ஒரு கிழமை வராவிட்டாலே கேள்வி வரும். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது பெரிய வித்தியாசம்.

மெதடிஸ்தரின் வகுப்புக் கூட்டம் தொடங்கிய கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் கூட்ட மண்டபம் கட்டிய கடன் இருந்தது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுத்தால் அடைத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். ஏழைகளால் அதுவும் முடியாதே என்றார் இன்னொருவர். அதற்கு முதலாமவர், மிக ஏழைகளாகப் பதினொரு பேரை என் பொறுப்பில் விடுங்கள், அவர்களால் கொடுக்க முடியாவிட்டால் அவர்களுக்கும் சேர்த்து நானே கொடுக்கிறேன் என்றார். மற்றவர்களும் அப்படியே ஆளுக்குப் பதினொரு பேரைப் பொறுப்பெடுத்தார்கள். வாராவாரம் காசு சேர்க்க வீடு வீடாகப் போனபோது, எந்த வீட்டில் சண்டை, யார் குடியில் விழுந்திருக்கிறார், யார் நோயில் கிடக்கிறார் என்பதெல்லாம் தெரியவந்தது. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடக்கிய ஜோன் வெஸ்லி அதைப் பார்த்துவிட்டு, இதைத்தானே இவ்வளவு நாள் தேடினோம் என்று பிடித்துக்கொண்டார். கடன் அடைக்கப் போட்ட ஏற்பாடு ஆத்துமாக்களைப் பராமரிக்கும் ஏற்பாடாக மாறியது. 1814இல் மெதடிஸ்த மிஷனரிகள் இலங்கைக்கு வந்தபோது இந்தப் பழக்கமும் கூடவே வந்தது.

கத்தோலிக்கரின் அன்பியமும் அடிப்படையில் இதுதான். அயலில் உள்ள வீடுகள் சேர்ந்து, வீடு மாற்றி வீடு கூடி, வாசகத்தை வாசித்து, மன்றாடி, அயலில் யாருக்கு என்ன தேவை என்று பார்ப்பது. ஒரு குறையும் சொல்ல வேண்டும்: பல இடங்களில் வாசகமும் செபமாலையும் முடிந்து பலகாரத் தட்டு வந்துவிடுகிறது, தேவை என்ன என்று கேட்கிற பகுதி நழுவிவிடுகிறது. பலகாரத்தை ஒருவர் மிஞ்சி ஒருவர் செய்யத் தொடங்கினால் வசதியில்லாத வீடு தன் முறை வரும்போது பின்வாங்கும். வெறும் பிளேன்டீயும் பிஸ்கட்டும் என்று ஆரம்பத்திலேயே பேசி வைத்துக்கொள்வது புத்தி.

எனக்கு இப்போது நம்பிக்கையே தளர்ந்துவிட்டது. போய் நிற்பது பாசாங்கு இல்லையா?

இல்லை. தோமாவைப் பாருங்கள். உயிர்த்த ஆண்டவர் முதல் தடவை வந்தபோது அவர் அங்கே இல்லை. கண்டால்தான் நம்புவேன் என்று மற்றவர்களின் முகத்துக்கு நேரே சொன்னார். எட்டு நாள் கழித்து யோவான் எழுதும்போது தோமாவும் அவர்களோடு உள்ளே இருக்கிறார். நம்பாதவரை மற்றவர்கள் வெளியே போகச் சொல்லவில்லை, அவரும் போய்விடவில்லை. அந்த ஒரு கிழமை எப்படிக் கழிந்தது என்று எழுதப்படவில்லை. சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்திருக்கும்.

கப்பர்நாகூமில் கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரன் கதையும் உண்டு. இயேசு கண்டது தூக்கிக்கொண்டு வந்தவர்களின் விசுவாசத்தை என்று மாற்கு எழுதுகிறார். படுத்திருந்தவன் என்ன நம்பினான் என்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. சில மாதங்கள் நாம் படுத்திருப்பவர், சில மாதங்கள் தூக்குகிறவர். போய் இருங்கள். பாட முடியாவிட்டால் மற்றவர்கள் பாடுவதைக் கேளுங்கள்.

சபையில் ஒருவரோடு மனஸ்தாபம். முகம் பார்க்கப் பிடிக்கவில்லை. என்ன செய்வது?

மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் ஒழுங்கு கொடுக்கப்பட்டிருக்கிறது. முதலில் நீங்களும் அவரும் தனியாகப் பேசுங்கள். கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அதற்கும் சரிவராவிட்டால்தான் சபைக்கு. நாம் செய்வது நேர் எதிர்: முதலில் வட்ஸ்அப் குழுவில் போடுகிறோம், பிறகு சொந்தக்காரரிடம் சொல்கிறோம், பாதரிடமோ போதகரிடமோ முறையிடுகிறோம், சம்பந்தப்பட்டவரிடம் கடைசிவரை கதைப்பதே இல்லை.

தனியாகப் பேசப் போகும்போது சில விடயங்கள். கோவில் வாசலில் வேண்டாம், பத்துப் பேர் பார்ப்பார்கள். வீட்டுக்குப் போவதும் சில நேரம் மற்றவரைத் தற்காப்பில் தள்ளும். நம்ம ஊரில் கடற்கரை இருக்கிறது; பின்னேரம் காற்று வாங்கப் போகிற சாட்டில் கதைக்கலாம். ஒரேயொரு சம்பவத்தை மட்டும் எடுங்கள். பத்து வருடக் கணக்கைத் திறந்தால் யாராலும் மூட முடியாது.

எல்லாப் பிணக்கும் உடனே தீராது என்பதையும் வேதாகமமே சொல்கிறது. மாற்குவைக் கூட்டிக்கொண்டு போவதா இல்லையா என்று பவுலும் பர்னபாவும் கடுமையாக முரண்பட்டுத் தனித்தனிப் பாதையில் போனார்கள். பிற்காலத்தில் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, அவன் எனக்குப் பிரயோசனமானவன் என்கிறார் பவுல். நடுவில் பல வருடங்கள். அவ்வளவு காலம் எடுக்கலாம். கதவைத் தாழ்போட்டுவிடாமல் இருந்தால் போதும்.

பேசாமல் வேறு சபைக்கு மாறிவிடலாமா?

மாறலாம், சில நேரம் மாறத்தான் வேண்டும் (எல்லாவற்றையும் கட்டுப்படுத்தும் தலைவரைப் பற்றிய கேள்வியைக் கீழே பாருங்கள்). ஆனால் பாட்டு நன்றாக இல்லை, பிரசங்கம் நீளம், இன்னாரின் முகம் பிடிக்கவில்லை என்று மாறினால் அங்கேயும் ஒரு இன்னார் இருப்பார். போவதென்றால் சொல்லிவிட்டுப் போங்கள்.

சபையில் ஒருவர் கடன் கேட்கிறார். கொடுப்பதா?

திரும்பி வராவிட்டாலும் உறவு முறியாத தொகை எவ்வளவோ, அவ்வளவைக் கொடுங்கள். அதற்கு மேலே கேட்டால் முடியாது என்று நேராகச் சொல்லுங்கள். திரும்ப வரும் என்று எதிர்பாராமல் கொடுங்கள் என்று லூக்கா ஆறாம் அதிகாரத்தில் இயேசு சொல்வதை நடைமுறைக்குக் கொண்டுவர எனக்குத் தெரிந்த வழி இதுதான். கொடுத்துவிட்டு ஞாயிறுதோறும் அவர் முகத்தை ஒரு மாதிரிப் பார்த்தால், கொடுக்காமல் இருந்ததே மேல்.

பெரிய தேவை என்றால் தனி ஒருவர் தலையில் போடாமல் கூட்டாகச் செய்யுங்கள். பல பங்குகளில் வின்சென்ட் டி போல் சபை இருக்கிறது. 1833இல் பாரிஸில் பிரெடெரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவர் நண்பர்களோடு தொடங்கியது. அவர்கள் முறை என்னவென்றால், காசை மேசையில் வைத்துக் கொடுக்காமல் இருவராக வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது. வீட்டுக்குப் போனால்தான் உண்மையான தேவை தெரியும். காசு கேட்டவருக்குக் காசைவிட, வாரக் கட்டுப்பணம் கேட்டு வாசலில் நிற்கிற நுண்கடன் ஆட்களோடு கதைக்கத் துணைக்கு ஒருவர் தேவைப்படலாம். அல்லது படகு இயந்திரம் திருத்தத் தெரிந்த ஒருவர்.

சாதி, அந்தஸ்து, வெளிநாட்டுக் காசு எல்லாம் கோவிலுக்குள்ளும் இருக்கிறதே?

இருக்கிறது. மறைத்துப் பயனில்லை. திருமணப் பேச்சு வரும்போது பிரசங்கம் எல்லாம் மறந்துபோகிறது. வெளிநாட்டில் இருந்து வந்தவருக்கு முன் வாங்கு, கருவாடு காயப்போட்டுவிட்டு ஓடி வந்த அக்காவுக்குத் தூணுக்குப் பின்னால் இடம். மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடமும் ஏழைக்குக் காலடியும் கொடுக்கிற சபையை யாக்கோபு தன் கடிதத்தில் படம்பிடித்துக் காட்டியிருக்கிறார்.

மாற்றம் எங்கே தொடங்கலாம் என்றால், வாசகம் வாசிப்பது யார், திருவிழாவில் சுருவம் (புனிதரின் சிலை) தூக்குவது யார், செயலாளர் யார் என்று பெயர்ப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். நாலைந்து குடும்பப் பெயர்களே சுற்றிச் சுற்றி வந்தால் பிரச்சினை வெளிச்சத்துக்கு வந்துவிட்டது.

தமிழ்ப் பூசை வேறு, சிங்களப் பூசை வேறு. நாங்கள் ஒரே சபையா?

ஒரே சபைதான். மனதில் பதிவதற்குக் கொஞ்சம் முயற்சி வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும்போது நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் கிழக்கே வந்து வாடி (கரையோரக் கொட்டில்) போட்டுத் தங்குவது பழைய வழக்கம். அவர்களில் பலர் கத்தோலிக்கர். கடலில் நமக்கும் அவர்களுக்கும் இடையே வலை, எல்லை, மீன் விலை என்று தகராறுகள் இருக்கும். அதே ஆட்கள் ஞாயிறு அதே பீடத்துக்கு முன் வந்து முழந்தாளிடுகிறார்கள். போருக்குப் பிறகு வந்த சந்தேகங்களும் சேர்ந்திருக்கின்றன. அவற்றை ஒரு கைகுலுக்கலில் துடைத்துவிட முடியாது.

ஆனாலும் சில காரியங்கள் கைக்கெட்டும் தூரத்தில்தான் உள்ளன. பெரிய திருவிழாப் பூசையில் ஒரு வாசகம் சிங்களத்தில், மன்றாட்டு இரண்டு மொழியிலும். சிங்களப் பூசை முடிந்து வெளியே வருகிறவர்களும் தமிழ்ப் பூசைக்கு உள்ளே போகிறவர்களும் வாசலில் ஒருவரையொருவர் கடந்து போகிற அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு தேத்தண்ணி. யாராவது ஒழுங்கு செய்தால் மற்றவர்கள் வருவார்கள்.

என் கணவர் வீட்டார் சைவம். அயலில் முஸ்லிம் குடும்பங்கள். கிறிஸ்தவ உறவு என்றால் எங்கள் ஆட்களோடு மட்டுமா?

அப்படியென்றால் திருகோணமலையில் வாழவே முடியாது. கோணேசர் தேர் வீதிக்கு வருகிற நாளிலும் நோன்புப் பெருநாளிலும் நத்தாரிலும் தட்டுகள் வேலிக்கு மேலால் போய் வருகிற ஊர் இது. நல்ல சமாரியன் உவமையில் இயேசு அயலானாகக் காட்டியது வேற்றுச் சமயத்தானை என்பதை நாம் லேசாகக் கடந்துவிடுகிறோம்.

நடைமுறையில் மரியாதை என்பது சின்னச் சின்னக் கவனங்கள். முஸ்லிம் வீட்டுக்குப் பலகாரம் அனுப்பும்போது வைனில் ஊறிய நத்தார் கேக்கைத் தனியே எடுத்து வையுங்கள். சைவ வீட்டுக்கு வெள்ளிக்கிழமை முட்டை சேர்ந்தது அனுப்பாதீர்கள். கரோல் பாடிக்கொண்டு போகும்போது வேற்று மத வீட்டார் கூப்பிட்டால் மகிழ்ச்சியாகப் போங்கள், கூப்பிடாவிட்டால் வாசலில் நின்று மேளம் அடிக்க வேண்டாம்.

மாமி விளக்கேற்றும்போது நான் என்ன செய்வது என்று கேட்கிற மருமக்களுக்கு: நீங்கள் எதில் பங்கெடுப்பீர்கள், எதில் மாட்டீர்கள் என்பதை அமைதியாக ஒருமுறை சொல்லிவிடுங்கள். பிறகு சமையலறையில் எல்லா வேலைக்கும் முதலில் நில்லுங்கள். பெரும்பாலான மாமிமாருக்கு இரண்டாவதுதான் கண்ணில் படும்.

செத்தவீட்டுக்கு எல்லாரும் வருகிறார்கள். அதைவிடப் பெரிய கூட்டு எது?

உண்மைதான், நம் சனத்திடம் உள்ள மிகச் சிறந்த பழக்கம் அது. செய்தி போன கையோடு கதிரை வந்துவிடும், பந்தல் எழும்பிவிடும். துக்க வீட்டில் அடுப்பு எரியாது என்பதால் அயலவர் சமைத்துக் கொண்டுவருவார்கள். அதில் மதம் பார்ப்பதில்லை. இரவெல்லாம் செபமாலையும் பாட்டும் இருக்கும். ஒரு மனிதரைத் தனியாக அழவிடாத ஏற்பாடு இது.

ஆனால் முப்பத்தோராம் நாள் பூசையும் சாப்பாடும் முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடும். உண்மையான தனிமை முப்பத்திரண்டாம் நாள்தான் ஆரம்பிக்கிறது. கணவனை இழந்த பெண்ணுக்கு மரண அத்தாட்சிப் பத்திரம், கிராம சேவகரின் கடிதம், அரச ஊழியர் குடும்பம் என்றால் விதவைகள் அநாதைகள் ஓய்வூதியப் படிவங்கள் என்று அலைச்சல் தொடங்கும். பிரதேச செயலகத்துக்குக் கூடப் போக ஒருவர், படிவம் நிரப்ப ஒருவர், பிள்ளையை வகுப்பிலிருந்து கூட்டிவர ஒருவர் என்று அன்பியம் மூன்று மாதத்துக்காவது பெயர் போட்டுப் பிரித்துக்கொண்டால் அது பெரிய காரியம். மலர்வளையக் காசை இதற்கு மாற்றலாம் என்பது என் நெடுநாள் ஆசை.

2004 டிசம்பர் 26, நத்தாருக்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கடல் வந்தது. கோவில்களும் பள்ளிவாசல்களும் பள்ளிக்கூடங்களும் ஒரே நாளில் அகதி முகாம்களாகின. அப்படியான முதல் மணித்தியாலங்களில் அரசாங்கமோ தொண்டு நிறுவனமோ வந்துசேராது. எந்த வீட்டில் எத்தனை பேர், எந்த ஆச்சியால் நடக்க முடியாது, யாருக்கு இன்சுலின் வேண்டும் என்று முன்பே தெரிந்தவர்களால்தான் அந்த நேரத்தில் உருப்படியாக எதையாவது செய்ய முடியும். அந்த அறிவை அனர்த்தம் வந்த பிறகு சேகரிக்க முடியாது.

யூடியூபில் பூசை பார்க்கிறேன். அது கணக்கா?

முடியாத நேரத்தில் பெரிய வரம். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்கு அடுத்த ஞாயிறு, பொதுப் பூசைகள் நிறுத்தப்பட்டிருந்த நிலையில் பேராயர் மல்கம் ரஞ்சித் ஒப்புக்கொடுத்த பூசையை நாடு தொலைக்காட்சியில்தான் பார்த்தது. கொரோனாக் காலத்திலும் அப்படியே. நோயாளிகள், நோயாளியைப் பார்ப்பவர்கள், கப்பலில் வேலை செய்பவர்கள் தயங்காமல் பாருங்கள்.

நடந்து போகக்கூடியவர் திரையில் பார்த்தால் ஒன்று தவறிவிடுகிறது: நீங்கள் இல்லாததை யாரும் உணர மாட்டார்கள். நற்கருணையும் திரை வழியே வராது.

எங்கள் தலைவர் எல்லாவற்றையும் கட்டுப்படுத்துகிறார். இதுவும் கூட்டு வாழ்வா?

இல்லை. பெற்றாரோடு பேசாதே, வேறு சபை நண்பர்களை விடு, சம்பளச் சீட்டைக் காட்டு, மருந்தை நிறுத்து, கேள்வி கேட்டால் சாபம் என்று சொல்கிற இடத்தை விட்டு வெளியேறுங்கள். இயேசுவின் கூட்டம் மனிதரை அவர்களுடைய உறவுகளுக்குத் திருப்பி அனுப்பியது. பிசாசு பிடித்திருந்து குணமானவன் கூடவே வருகிறேன் என்று கெஞ்சியபோதும், உன் வீட்டாரிடம் போ என்றார் அவர். சிலுவையில் தொங்கும்போதும் தாயை யாரிடம் ஒப்படைப்பது என்று பார்த்தார்.

பிள்ளைகள்மீது கைவைக்கப்பட்டால் அது சபைக்குள் பேசித் தீர்க்கும் விடயம் அல்ல. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள். பெண்களுக்கு எதிரான வன்முறை என்றால் 1938. சபையின் பெயர் கெட்டுவிடும், மன்னித்துவிடு என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். மன்னிப்பது ஒரு காரியம், முறைப்பாடு செய்வது இன்னொரு காரியம். ஒன்று மற்றதைத் தடுக்காது.

மகளுக்கு ஞாயிறு காலை ரியூசன். மறைக்கல்விக்கு நேரமில்லை.

புலமைப்பரிசில் பரீட்சையும் சாதாரண தரமும் படுத்துகிற பாடு தெரியாதவர் யாரும் இல்லை. அதனால் திட்டப் போவதில்லை. ஒன்றைமட்டும் யோசித்துப் பாருங்கள். பிள்ளைக்குப் பதினைந்து பதினாறு வயதில் பெற்றாரிடம் சொல்ல முடியாத பிரச்சினை ஒன்று வரும். அப்போது போய்ச் சொல்ல, சின்ன வயதிலிருந்தே தெரிந்த, நம்பக்கூடிய ஒரு அன்ரியோ மறையாசிரியரோ அவளுக்கு இருக்கிறாரா? ரியூசன் வகுப்பில் இருநூறு பேருக்கு நடுவில் அப்படியொருவர் கிடைப்பது கடினம். தீமோத்தேயுவின் விசுவாசம் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் முதலில் இருந்தது என்கிறார் பவுல்; ஆனாலும் அவனுக்குப் பவுலும் தேவைப்பட்டார்.

வழி உண்டா என்றால், உண்டு. மறைக்கல்வியைச் சனி பின்னேரத்துக்கு மாற்றக் கேளுங்கள். பத்துப் பெற்றார் சேர்ந்து கேட்டால் நடக்கும். முடியாவிட்டால் பாடகர் குழாமிலோ வாசகம் வாசிப்பதிலோ ஒரு பொறுப்பைக் கொடுங்கள். பொறுப்பு உள்ள பிள்ளை நேரத்தைத் தானே கண்டுபிடிக்கும்.

நடக்க முடியாத வயதானவர்களை எப்படிச் சேர்த்துக்கொள்வது?

முதல் வெள்ளியில் பாதர் நற்கருணை கொண்டுபோவார். மெதடிஸ்த, அங்கிலிக்கப் போதகர்களும் வீடு வருவார்கள். யாக்கோபு ஐந்தாம் அதிகாரம் நோயாளியிடம் சபையின் மூப்பர்களை அழைக்கச் சொல்கிறது. அது மாதத்தில் ஒருநாள், பத்து நிமிடம். மிச்ச நாட்களில் பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, பெரியவர் டிவியோடு இருக்கிறார்.

போகும்போது ஆறுதல் சொல்லப் போகாதீர்கள். ஏதாவது கேட்கப் போங்கள். பழைய பாட்டின் ராகம், 1964 புயல் அடித்த இரவில் ஊர் எப்படி இருந்தது, கூனி இறால் சம்பல் எப்படி இடிப்பது, இன்ன குடும்பத்துக்கும் இன்ன குடும்பத்துக்கும் என்ன உறவு. பங்குப் பதிவேட்டில் இல்லாத செய்தி அவர்களிடம் இருக்கும். மன்றாட்டுப் பட்டியலையும் அவர்களிடம் கொடுக்கலாம்: இந்த மாதம் பரீட்சை எழுதும் பிள்ளைகளின் பெயர்கள், கடலுக்குப் போகும் படகுகள், பிரசவத்துக்கு இருக்கிற பெண்கள். பெயர்களைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள், கண் தெரியாது. அடுத்த முறை போகும்போது யாருக்கு என்ன நடந்தது என்று மறக்காமல் சொல்லுங்கள், கேட்பார்கள்.